வியர்வையைத் தாங்கும் இயர்போன்: ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

உடற்பயிற்சிக்கு இயர்போன் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பேஸ் (தாழ் ஒலி) எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் என்றுதான். இந்த இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும். பர்ப்பி போன்ற குதிக்கும் பயிற்சி செய்யும்போது கழன்று விழுகிற இயர்பட்டில் எவ்வளவு பேஸ் இருந்தாலும் பயனில்லை. ஆறே மாதத்தில் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போனால், 40 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் பொருளில்லை. முதலில் காதில் நிற்க வேண்டும். அடுத்து வியர்வையைத் தாங்க வேண்டும். பிறகு ஈரக் கையால் இயக்க முடிய வேண்டும். ஒலி அதற்கப்புறம். இந்த வரிசையில் பார்த்தால் கழுத்தில் மாட்டும் 1,500 ரூபாய் நெக்பேண்ட் ஒன்று 10,000 ரூபாய் இயர்பட்ஸைவிட ஜிம்முக்குப் பொருத்தமாக அமைவது உண்டு.

காதில் நிற்குமா?

உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது கச்சிதமாக இருக்கிற பட், ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் நழுவத் தொடங்கும். இதற்கு இரண்டு காரணங்கள். தாடை மூட்டு காதுக் குழாய்க்கு நேர் முன்னால் இருக்கிறது. வாயால் மூச்சு வாங்கும்போதும் பல்லைக் கடித்துப் பளுவைத் தூக்கும்போதும் குழாயின் வடிவம் மாறிக்கொண்டே இருப்பதால், காதுக்குள் போகும் சிலிக்கான் முனையான டிப் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. கூடவே வியர்வை சேரும்போது வழவழப்பான சிலிக்கான் வழுக்குகிறது. எனவே கடையில் கண்ணாடி முன் நின்று மாட்டிப் பார்ப்பது எதையும் சொல்லாது.

பெட்டியில் பொதுவாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி டிப் வரும். நடுத்தர அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். பலர் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரியது என்று போட்டுக்கொள்வதில் தவறே கிடையாது.

மாட்டும் முறையிலும் கவனம் தேவை. வலது காதுக்கு மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வளைந்த காதுக் குழாய் அப்போது நேராகும். வலது கையால் இயர்பட்டை உள்ளே செலுத்தி, சற்றுப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டு மடலை விட்டால், டிப் உரிய இடத்தில் உட்காரும். இப்போது வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். இரண்டு காதிலும் ஒரே அளவு முழக்கமாகக் கேட்டால் அடைப்பு சரி. அடுத்து குறைந்த ஒலியில் பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, பட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திடீரென்று கூடினால் டிப் சிறியது, அடுத்த அளவுக்குப் போக வேண்டும். இருபது நிமிடத்தில் காது வலித்தால் பெரியது. கடைசியாக வாயை அகலத் திறந்து மூடி, குனிந்து நிமிர்ந்து, ஸ்கிப்பிங் கயிறு இருப்பதுபோல் இருபது முறை குதித்துப் பாருங்கள். இதில் தேறாத பட், வியர்வையில் நிச்சயம் தேறாது.

சிலிக்கான் எந்த அளவிலும் நிற்கவில்லை என்றால் மெமரி ஃபோம் டிப் இருக்கிறது. விரலால் நசுக்கி உள்ளே விட்டால் அரை நிமிடத்தில் விரிந்து காதை நிறைக்கும்; ஈரத்திலும் பிடிப்பு விடாது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சும். தினமும் பயிற்சி செய்பவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அது தனிச் செலவு. இயர்பட்ஸுக்கு வாங்கும்போது டிப்பின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளமான ஃபோம் டிப் போட்டால், பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றும் கேஸ்கள் சில மூடாது. மூடினாலும் சார்ஜிங் முனை சரியாகத் தொடாது.

டிப் மட்டும் தாங்காத காதுகளுக்கு உள்மடலில் செருகும் இறக்கையோ காதைச் சுற்றி வளையும் கொக்கியோ வேண்டும். கடும் பயிற்சிக்குக் கொக்கிதான் உறுதி. பட்டே சற்று நழுவினாலும் கீழே விழாது. கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடிக் காம்பும் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் என்பதால், வளையும் ரப்பர்க் கொக்கி உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். டிப்பே இல்லாத, ஏர்பாட்ஸ் போல வெறும் பிளாஸ்டிக் முனை உள்ள வகையை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். வியர்த்தவுடன் நிற்காது. அடைப்பு இல்லாததால் ஜிம் இரைச்சலுக்கு மேலே ஒலியை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

ஐபி எண் சொல்வதும் சொல்லாததும்

'ஸ்வெட் ப்ரூஃப்', 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று வெறும் சொல்லாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை. எண் வேண்டும். அந்த எண் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருவது. ஐபி என்பதற்குப் பிறகு வரும் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்று போட்டிருந்தால் அந்தச் சோதனைக்கான மதிப்பு தரப்படவில்லை என்று பொருள். தண்ணீரில் 2 என்றால் சற்றுச் சாய்த்து வைத்த நிலையில் மேலிருந்து சொட்டும் துளிகள் மட்டும். 4 என்றால் எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீர். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்.

இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. 7 என்பது 5ஐ உள்ளடக்கியது அல்ல. மூழ்கடிக்கும் சோதனையில் தேறிய பொருள் பீய்ச்சும் சோதனையில் தேறியதாகக் கொள்ளக் கூடாது. இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்ணையும் போடுவார்கள். இன்னொன்று, இந்தச் சோதனைகள் எல்லாம் புதிய பொருளை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்பவை. வியர்வையில் உப்பு இருக்கிறது, தோலின் எண்ணெய்ப் பசை இருக்கிறது, சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் அதுவும் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அந்த ரப்பர் வளையமும் பசையும் முதல் நாள் போல் இருக்கப் போவதில்லை. எனவே ஐபி எண்ணை வியர்வைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாமல், உள்ளே எவ்வளவு அக்கறையாக அடைத்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளமாகப் பார்ப்பது நல்லது.

ஏசி உள்ள ஜிம்மில் பளு தூக்குபவருக்கு ஐபிஎக்ஸ்4 போதும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈரக்காற்றில் வெளியே ஓடுபவர், மின்விசிறி மட்டும் உள்ள ஜிம்மில் சர்க்யூட் பயிற்சி செய்பவர் ஐபி55க்குக் கீழே போக வேண்டாம். மண் மைதானத்தில் ஓடுபவருக்கும், கைக்குச் சாக்பொடி பூசுபவருக்கும் முதல் இலக்கமும் முக்கியம். அந்த வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட். பட்டின் வலையில் வியர்வையோடு சேர்ந்து படிந்து இறுகிவிடும்.

வடிவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்குச் சாம்சங் கேலக்ஸி பட்ஸ் எஃப்ஈ நல்ல எடுத்துக்காட்டு. இறக்கை வைத்த டிப் இருப்பதால் விளையாட்டுக்கென்றே செய்ததுபோல் தெரியும். அதன் தண்ணீர்த் தடுப்பு ஐபிஎக்ஸ்2தான். பேருந்துப் பயணத்துக்கு நல்ல பட், கடும் பயிற்சிக்கு அல்ல.

கேஸின் எண் வேறு, பட்டின் எண் வேறு. சிஎம்எஃப் பட்ஸ் ப்ரோ 2இல் பட்ஸுக்கு ஐபி55, கேஸுக்கு ஐபிஎக்ஸ்2 என்று தனித்தனியாகவே சொல்கிறார்கள். இப்படித் தனியாகச் சொல்லாத நிறுவனங்களின் கேஸ்களுக்குத் தடுப்பு எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இயர்பட்ஸ் சாவது காதில் அல்ல, கேஸில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஜிம்முக்குப் போகும் இயர்பட்ஸில் அடிக்கடி வரும் பழுது 'ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை' என்பது. பட்டின் உட்புறத்தில் இரண்டு மூன்று பொன்னிறப் புள்ளிகள் தெரியும், அவைதான் சார்ஜிங் முனைகள். கேஸுக்குள் அவற்றுக்கு நேராக ஸ்பிரிங் வைத்த சிறு ஊசிகள் இருக்கும். வியர்வை உப்பு நீர் என்பதால் மின்சாரத்தைக் கடத்தும். பயிற்சி முடிந்த கையோடு ஈரமான பட்டைக் கேஸில் போட்டதும், சார்ஜ் ஏற்றும் மின்னழுத்தம் அந்த ஈரத்தின் வழியாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்கிறது. மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. அதில் நுண்ணிய கீறல் விழுந்தாலே போதும், அடியில் உள்ள நிக்கலும் செம்பும் மின்பகுப்பில் அரிக்கத் தொடங்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ படிவது அதுதான். பட்டுக்கு ஐபிஎக்ஸ்7 இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அந்த முனைகள் அடைப்புக்கு வெளியே இருப்பவை.

அறிகுறிகள் தெளிவானவை. கேஸில் போட்ட பிறகும் ஒரு பட் போனோடு இணைந்தே இருக்கும், மறுநாள் எடுத்தால் அதில் சார்ஜ் இருக்காது. கேஸை லேசாக ஆட்டினால் விளக்கு எரிந்து அணையும். இந்த நிலையில் பலர் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் பட்டின் முனைகளையும் கேஸின் ஊசிகளையும் துடைத்துப் பாருங்கள். படிவு போகவில்லை என்றால் குச்சி முனையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு மட்டும் எடுத்து, முனைகளில் மட்டும் தடவித் துடைக்கலாம். ஒலி வரும் வலையில் ஆல்கஹால் படக்கூடாது. வலையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். ஊசியைப் பக்கவாட்டில் நெருடினால் ஸ்பிரிங் மாட்டிக்கொள்ளும், மேலிருந்து மெதுவாகத் தொட்டால் போதும்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. பயிற்சி முடிந்ததும் பட்டை பருத்தித் துணியால் துடைத்து, டிப்பைக் கழற்றி உதறி, அரை மணி நேரமாவது கேஸுக்கு வெளியே காற்றாட வைக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முனை தொட்டவுடனேயே பெரும்பாலான கேஸ்கள் சார்ஜ் ஏற்ற ஆரம்பித்துவிடும். ஜிம்மிலிருந்து நேராக அலுவலகம் போகிறவர் சின்னத் துணிப்பை ஒன்றை வைத்துக்கொண்டு, போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, அதில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

நெக்பேண்ட்: மலிவு, உறுதி, ஒரே ஒரு தடை

மேலே சொன்ன காரணத்தாலேயே 2,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு நெக்பேண்டைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. வியர்வை ஈரத்தோடு மின்சாரம் தொடும் முனைகள் இதில் இல்லை. பயிற்சி முடிந்த பல மணி நேரம் கழித்து, யுஎஸ்பி-சி துளை உலர்ந்த பிறகு சார்ஜ் போடலாம். பேட்டரி பெரியது. பட் கழன்றாலும் கழுத்தில் தொங்கும், டிரெட்மில் பெல்ட்டுக்குள் போகாது. அழுத்தும் பட்டன்கள் இருப்பதால் ஈரக் கைக்கும் கையுறைக்கும் பயமில்லை.

ஒன்பிளஸ் புல்லட்ஸ் வயர்லெஸ் இசட்2, 2022இல் 1,999 ரூபாய்க்கு வந்தது. 12.4 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), ஐபி55, 30 மணி நேரம். பத்து நிமிடம் சார்ஜ் போட்டால் 20 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இரண்டு பட்டும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டால் அணைந்துவிடும், பிரித்தால் இயங்கும். செட் முடிந்து பயிற்சியாளரிடம் பேச வேண்டியவருக்கு இது பெரிய வசதி. பேஸ் தூக்கல்தான், ஆனால் ஓடும்போது காலடி அதிர்வில் பேஸ் அமுங்கிப் போவதால் இந்தத் தூக்கல் உறுத்தாது. அமைதியான அறையில் கர்நாடக இசை கேட்க விரும்பினால் வேறு ஒன்றைத் தேடுங்கள். ஓட்டம், சைக்கிள், டிரெட்மில் இவற்றுக்கு இந்த விலையில் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

போட் ராக்கர்ஸ் 255 ப்ரோ ப்ளஸ் இன்னும் மலிவு. ஐபிஎக்ஸ்7, 40 மணி நேரம் என்கிறார்கள். தண்ணீர்த் தடுப்பு எண் ஒன்பிளஸைவிட மேலே தெரிந்தாலும் தூசுக்கு மதிப்பில்லை. மண் மைதானத்துக்கு ஒன்பிளஸே மேல். ஒலியில் குரல் பின்னால் தள்ளப்படும், பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு இது குறையாகவே படும். ரியல்மி பட்ஸ் வயர்லெஸ் 3இல் ஐபி55உம் 40 மணி நேரமும் உண்டு. கூடுதலாக வெளி இரைச்சலை அடக்கும் ஏஎன்சி வசதி இருக்கிறது. பயிற்சிக்கு அந்த ஏஎன்சி எவ்வளவு உதவும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

அந்த ஒரே தடை பார்பெல். பேக் ஸ்குவாட் செய்யும்போது கம்பி உட்காரும் இடமும் நெக்பேண்ட் உட்காரும் இடமும் ஒன்றே. கம்பியின் கீழே பேண்ட் மாட்டினால் பேட்டரி இருக்கும் பகுதி நசுங்கும், கழுத்தும் புண்ணாகும். லித்தியம் பேட்டரியை நசுக்குவது விளையாட்டல்ல. பெஞ்ச் பிரஸ்ஸில் படுக்கும்போதும் அது முதுகுக்கு அடியில் போகும். புஷ்-அப்பிலும் பிளாங்க்கிலும் முகத்துக்கு முன்னால் தொங்கி ஆடும். பனியனுக்குள் செருகிக்கொண்டால் தொங்கலும் வயர் உரசும் சத்தமும் குறையும், ஸ்குவாட் பிரச்சினை மட்டும் தீராது. வாரத்தில் மூன்று நாள் பார்பெல் தூக்குபவர் நெக்பேண்ட் வாங்க வேண்டாம்.

வயர் இன்னும் சாகவில்லை

போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் ஜேபிஎல் எண்டூரன்ஸ் ரன் 2 நல்ல தேர்வு. ஐபிஎக்ஸ்5, கொக்கியாக மடக்கிக் காதின் மேலே போடலாம், விரித்து நேராகவும் மாட்டலாம். சார்ஜ் என்ற பேச்சே இல்லை. வயர் இயர்போனில் முதலில் போவது மைக்கும் பட்டனும் உள்ள சின்ன உருளை. கன்னத்தில் வழியும் வியர்வை வயர் வழியாக இறங்கி அதற்குள்தான் போகும். பாட்டு தானாக நிற்பது, அழைப்பு தானாகப் போவது இவையெல்லாம் அங்கே ஈரம் புகுந்ததன் அடையாளம். வயரைக் காதுக்கு மேலே சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் விட்டால், வழியும் வியர்வையில் பெரும்பகுதி உருளையை எட்டாது; உடையில் உரசும் 'டப் டப்' சத்தமும் குறையும்.

யுஎஸ்பி-சி துளை மட்டும் உள்ள போனுக்கு அடாப்டர் வாங்கும்போது, உள்ளே டிஏசி சில்லு (டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றுவது) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் வயர் மாற்றி மட்டும் உள்ள மலிவு அடாப்டர் பல போன்களில் வேலையே செய்யாது.

வயரில்லாத பட்ஸ்: பணம் எங்கே போக வேண்டும்

5,000 ரூபாய்க்குள் சிறிய காது உள்ளவர்களுக்குச் சோனி டபிள்யூஎஃப்-சி510. 2024இல் இந்தியாவில் 4,990 ரூபாய்க்கு வந்தது. பட் சிறியது, தொடு பரப்புக்குப் பதிலாக அழுத்தும் பட்டன், ஒரு சார்ஜில் 11 மணி நேரம். ஆனால் ஐபிஎக்ஸ்4 மட்டுமே. ஏசி ஜிம்மில் எடைப் பயிற்சிக்குச் சரி, ஐப்பசி மழையில் ஓட அல்ல. சிஎம்எஃப் பட்ஸ் ப்ரோ 2இன் ஐபி55 இதைவிட நிம்மதி தரும். இருந்தும் இரண்டிலுமே கொக்கியோ இறக்கையோ கிடையாது. டிப்பை மட்டும் நம்பித்தான் நிற்க வேண்டும்.

பர்ப்பி, பாக்ஸ் ஜம்ப், கெட்டில்பெல் என்று உடம்பைப் புரட்டும் பயிற்சி செய்பவருக்கு எங்கள் தேர்வு சவுண்ட்கோர் ஸ்போர்ட் எக்ஸ்10. ஐபிஎக்ஸ்7, ஒரு சார்ஜில் 8 மணி நேரம், கேஸோடு சேர்த்து 32. காதைச் சுற்றும் கொக்கி சுழன்று மடங்குவதால் கேஸ் பெரிதாக இல்லை. கொக்கி வைத்த பட்ஸின் வழக்கமான தொல்லையே பைக்குள் போகாத கேஸ்தான். அழுத்தும் பட்டன் இருக்கிறது, கையுறை போட்டுக்கொண்டே அமுக்கலாம். பட்டனை அமுக்கும்போது கொக்கி தாங்கிப் பிடிப்பதால், பட் காதுக்குள் குத்துவதும் குறைவு. பேஸ் மிகுதி, செயலியில் ஈக்வலைசர் மூலம் குறைத்துக்கொள்ளலாம்.

மழை, மண் இரண்டும் உள்ள இடத்தில் ஓடுபவருக்கு ஜேபிஎல் எண்டூரன்ஸ் பீக் 3. ஐபி68, பட்ஸில் 10 மணி நேரம், கேஸில் மேலும் 40. கொக்கி உறுதியானது. கேஸ் பெரியது, கால்சட்டைப் பையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். விலையும் மற்றவற்றைவிட மேலே. தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருப்பது நல்லது.

ஜாப்ரா எலைட் 4 ஆக்டிவ் ஐபி57 உள்ள அருமையான பட். ஆனால் எலைட் வரிசையையே நிறுத்துவதாக 2024 ஜூனில் அதன் தாய் நிறுவனமான ஜிஎன் அறிவித்துவிட்டது. பழைய சரக்கு பாதி விலைக்கு வரும்போது ஆசை வரும். பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். விற்காமல் கிடந்தாலும் லித்தியம் பேட்டரிக்கு வயதாகும். பட்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பேட்டரிக்கு அந்த இழப்பு உடனே தெரியும்.

தொடு பரப்பு பற்றி ஒரு வார்த்தை. தொடு உணரி மின்தேக்கத்தின் மாற்றத்தை வைத்து விரலை அறிகிறது. வழியும் வியர்வைத் துளியும் அதற்கு விரல்போலவே தெரியும். செட்டின் நடுவே பாட்டு மாறுவது இதனால்தான். தொடு பரப்பு உள்ள மாடல்தான் பிடித்திருக்கிறது என்றால், ஒற்றைத் தட்டலைச் செயலியில் அணைத்துவிட்டு இரட்டைத் தட்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎன்சி, ஒலி அளவு, சாலை

ஏஎன்சி அடக்குவது தொடர்ந்து ஒரே சீராக வரும் தாழ் ஒலியை. ஜிம் ஏசி, மின்விசிறி, டிரெட்மில் மோட்டார் இவற்றைக் குறைக்கும். தட்டுகள் மோதும் சத்தத்தையும் ஜிம்மில் போடும் பாட்டையும் அதனால் பெரிதாகக் குறைக்க முடியாது. வெளியே ஓடும்போது காற்று மைக்கில் மோதி 'பர பர'வென்று இரையும். காதை அடைத்து மாட்டியவர்களுக்குச் சொந்தக் காலடியே தலைக்குள் 'தொம் தொம்' என்று கேட்கும். அந்த அதிர்வு எலும்பு வழியாக வருவது, ஏஎன்சி அதை நீக்காது. பயிற்சிக்கு மட்டும் வாங்குபவர் ஏஎன்சிக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. நல்ல டிப் செய்யும் அடைப்பே போதும்.

அந்த அடைப்பு காதையும் காப்பாற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அது வெறும் 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. ஜிம் ஸ்பீக்கரோடு போட்டி போட்டு ஒலியை ஏற்றுபவர் ஒரே வாரத்தில் அந்த அளவைத் தாண்டிவிட முடியும். ஐபோனில் உரத்த ஒலியைக் குறைக்கும் வசதி ஒலி அமைப்புகளிலேயே இருக்கிறது, 80 அல்லது 85 டெசிபலில் வைத்துவிடுங்கள்.

சாலையில் ஓடும்போது இரண்டு காதையும் அடைக்காதீர்கள். போக்குவரத்து வரும் பக்கம் இருக்கும் காதைத் திறந்து விட்டு ஒற்றைப் பட்டில் கேளுங்கள். எந்த ஒரு பட்டும் தனியாக இயங்கும் மாடலா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முழு நேரமும் சாலையில்தான் ஓட்டம் என்றால், காதுக்குள் போகாத எலும்பு வழி ஒலி வகை சரியான கருவி. ஷாக்ஸ் ஓபன்ரன் ஐபி67 கொண்டது. விலை அதிகம் என்றாலும் பின்னால் வரும் லாரியின் சத்தம் கேட்கும். நீச்சலுக்கு ஐபிஎக்ஸ்7 பட்டைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். தண்ணீர் புளூடூத் அலையை விழுங்கிவிடும், பாட்டு வராது.

ஒரு பக்கம் ஒலி குறைந்தால்

டிரைவர் போய்விட்டது என்று பயப்படும் முன் வலையைப் பாருங்கள். காது அழுக்கும் வியர்வையும் சேர்ந்து மெல்லிய படலமாக அதை மூடியிருக்கும். டிப்பைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் கீழ்நோக்கித் தேய்க்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே போகும். ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். பட்டின் உடலில் இருக்கும் ஊசிமுனை அளவு காற்றுத் துளையையும் பாருங்கள். அதில் நீர் அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் பேஸ் மாறிக் கேட்கும். ஒரு நாள் உலர விட்டால் பெரும்பாலும் சரியாகும். ஹேர் டிரையர் சூட்டைக் காட்டக் கூடாது.

டிப்களை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரமான டிப்போடு அடைத்தே வைத்திருக்கும் காதில் பூஞ்சைத் தொற்று வருவது நம் தட்பவெப்பத்தில் சகஜம். அரிப்போ அடைப்போ தெரிந்தால் சில நாள் பட்ஸை நிறுத்திவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள். ஜிம் நண்பருக்கு இரவல் கொடுப்பதையும் தவிர்க்கலாம்.

வாங்கிய முதல் வாரம்

இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் இயர்போனின் பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குத் தரப்பட்டது என்று தெரிந்துவிடும். பிரபல மாடல்களின் போலிகள் சந்தையில் இருப்பதால் இதற்கு இரண்டு நிமிடம் செலவழிப்பது வீணல்ல. உத்தரவாத அட்டையையும் படியுங்கள். ஐபி எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருக்கும் பல நிறுவனங்கள், 'திரவத்தால் ஏற்படும் சேதம் அடங்காது' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் காலம் பெரும்பாலும் ஒரு வாரம்தான். பல சமயம் பணம் வராது, மாற்றி மட்டும் தருவார்கள். அதற்குள் குறைந்தது மூன்று முழுப் பயிற்சியாவது முடித்துவிடுங்கள், அதில் ஒன்று நன்றாக வியர்க்கும் ஓட்டமாக இருக்கட்டும். போனைக் கால்சட்டையின் இரண்டு பக்கப் பைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உடம்பு புளூடூத் அலையைத் தடுக்கும் என்பதால் சில பட்ஸ் ஒரு பக்கம் வைத்தால் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். இரண்டு பட்டையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எது முதலில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிட வித்தியாசம் இயல்பு. முக்கால் மணி, ஒரு மணி என்று போனால் பேட்டரியில் கோளாறு, உடனே மாற்றச் சொல்லுங்கள். பில்லையும் பெட்டி மேலிருக்கும் தொடர் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்த பிறகே பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்.